மஞ்சள் பூசிய வண்டிக் கம்பி

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையில் எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது ஒரு கம்பி மட்டும்தான். மற்றதெல்லாம் நான் ஜோடித்தது.

போன தை மாதம் என் மச்சான் சின்னண்ணன் ஒரு பழைய லாரியை விலை பேசக் கெங்கவல்லிப் பக்கம் போனான். நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டுகிற பட்டறை வைத்திருக்கிறவன். பேச்சுத் துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனான். விலை படியவில்லை. நடந்து திரும்புகிற வழியில் ஒரு மரவள்ளிக் காட்டோரம் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. தாகத்துக்கு ஒதுங்கினோம். தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு சாமி நின்றது.

கல் இல்லை, சூலமும் இல்லை. நல்ல பருமனான இரும்புக் கம்பி. ஒரு நுனி மண்ணுக்குள் இருந்தது, மறுநுனி நெஞ்சு உயரத்தில் மடங்கி முன்னால் நீண்டிருந்தது. அந்த நுனியில் ஒரு ஓட்டை, ஓட்டையில் மஞ்சள் கயிறு. அடியிலிருந்து நுனிவரை மஞ்சள் பூசிப் பொட்டு வைத்திருந்தார்கள்.

நான் கும்பிட்டேன். சின்னண்ணன் கும்பிடப் போன கையைப் பாதியில் நிறுத்தினான்.

"மாப்ள, இது சாமியில்ல. லாரி முன்னச்சுல போடற பேலன்ஸ் கம்பி."

வழியெல்லாம் எனக்கு விளக்கினான். முன்சக்கரம் இரண்டையும் குறுக்கே பிணைத்துக் கிடக்கும் கம்பியாம் அது. திருப்பத்தில் வண்டி ஒருபக்கமாகச் சாயப் பார்த்தால் முறுக்கிப் பிடித்து நிமிர்த்துவது அதன் வேலை. எல்லா லாரியிலும் இருக்காது. உச்சியில் கனம் ஏற்றுகிற வண்டிக்குப் போடுவார்கள். ஆனால் காட்டுக்குள் போகும்போது அதே கம்பி எமன். ஒரு சக்கரம் குழியில் இறங்க வேண்டுமென்றால் மற்றது விடாது, சக்கரம் அந்தரத்தில் தொங்கிவிடும். அதனால் விவரம் தெரிந்தவர்கள் அதைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே இறங்குவார்கள். வெளியே வந்ததும் மாட்டிக்கொள்வார்கள்.

"கழட்டுனான், சரி. மறுக்கா மாட்டாம ரோட்டுக்கு எப்படிப் போனான்?" என்று சின்னண்ணன் கேட்டான். பஸ்ஸில் ஏறிய பிறகும் அதையே கேட்டான். எனக்கும் அந்தக் கேள்வி ஒட்டிக்கொண்டுவிட்டது.

2

தொடக்கம் ஒன்று: "மழை பொய்த்த எண்பத்து மூன்றாம் வருடம், சூரியன் சுட்டெரித்துக்கொண்டிருந்த ஒரு நண்பகலில்—"

நிறுத்திவிட்டேன். என் கதைகளில் சூரியன் ஏற்கெனவே தேவைக்குமேல் சுட்டெரித்திருக்கிறது.

தொடக்கம் இரண்டு: "டிரைவர் மருதாசலத்துக்கு அன்று விடியற்காலையில் ஒரு கெட்ட கனவு—"

இதுவும் வேண்டாம். அந்த வருடம் ஆழ்துளைக் கிணறு போடுகிற ரிக் வண்டிக்காரர்களுக்குத் தூக்கமே கிடையாது, கனவு எங்கிருந்து வரும்?

தொடக்கம் மூன்று: "மருதாசலம் வண்டிக்கடியில் மல்லாந்து கிடந்தான்." இது இருக்கட்டும். ஓர் ஆளை மல்லாத்திப் போட்டுவிட்டால் எழுப்பியாக வேண்டிய பொறுப்பு வந்துவிடுகிறது. கதை அந்தப் பயத்திலாவது நகரும்.

3

மருதாசலம் வண்டிக்கடியில் மல்லாந்து கிடந்தான். திருச்செங்கோட்டு அர்த்தநாரியின் ரிக் வண்டி அது. போர் போடுகிற கோபுரத்தையும் எந்திரத்தையும் முதுகில் சுமக்கிற லாரி. அந்தக் கோபுரத்தின் கனத்துக்காகவே அர்த்தநாரி பட்டறையில் சொல்லி அந்தக் கம்பியைத் தனியாக அடித்துப் போட்டிருந்தார்.

(இதை இங்கே வேண்டுமென்றே வைக்கிறேன். "ஆத்தூருல புதுக் கம்பி வாங்கி மாட்டியிருப்பான், முடிஞ்சுது உன்ற கதை" என்று சின்னண்ணன் சொன்னான். அவன் வாயை அடைக்க வேறு வழி தெரியவில்லை. கடையில் கிடைக்காத கம்பி. எழுதுகிறவன் நான்.)

காட்டுக்குப் போக ஓர் ஓடையைக் கடக்க வேண்டும். தண்ணீர் கண்டு வருடக்கணக்காகிவிட்ட ஓடை, குழியும் உருட்டுக்கல்லுமாகக் கிடந்தது. முதலில் கம்பியோடு இறக்கிப் பார்த்தான். இடது முன்சக்கரம் தரையை விட்டுத் தொங்கியது, கோபுரத்தின் அடி கிறீச்சென்று கத்தியது. பின்னால் எடுத்து நிறுத்தி, ஸ்பானரோடு அடியில் புகுந்துவிட்டான். கடைசி நட்டு கழன்றதும் கம்பி அவன் நெஞ்சின்மேல் விழப் பார்த்தது. எந்திரத்தில் வேலை செய்கிற காத்தான் தாங்கிக்கொண்டான். அப்புறம் வண்டி கிழட்டு எருமை இறங்குகிற மாதிரி ஒவ்வொரு காலாக ஊன்றி ஊன்றி ஓடையைக் கடந்தது.

காட்டில் நல்லம்மாள் தாம்பாளத்தோடு நின்றிருந்தாள். புருஷன் போய்ச் சேர்ந்த பிறகு காட்டைத் தனியாளாகப் பார்க்கிறவள். ஏற்கெனவே மூன்று போர் போட்டு மூன்றும் பொய்த்தவள்.

"மூணுலயும் பொகதான் வந்துச்சு," என்றாள். "இதுலயும் பொகஞ்சா காட்டப் பூட்டிட்டுக் கொமாரபாளையத்துக்கே போயிட வேண்டியதுதான். எம்மவன் அங்கதான் தறி ஓட்டுறான். எனக்கும் தறிக்கு நூல் தார் சுத்துற வேலை ஒண்ணு வாங்கித் தரேங்குறான்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். மருதாசலத்தால் அந்தச் சிரிப்பைப் பார்க்க முடியவில்லை.

இனி வழக்கத்தைச் சொல்ல வேண்டும். துளை போடும் முன் ரிக் ஆட்கள் தங்கள் இரும்பில் ஒன்றை அந்த இடத்துக்குப் பக்கத்தில் நடுவார்கள். வீட்டுப் பெண் அதற்கு மஞ்சள் பூசிப் பொட்டு வைப்பாள். நட்டவன் தன் வாயால் "இது நின்னா தண்ணி நிக்கும்" என்று சொல்ல வேண்டும். தண்ணீர் வந்துவிட்டால் அந்த இரும்பு அந்த வீட்டுக்குச் சொந்தம், பிடுங்கக் கூடாது. எப்போதும் தேய்ந்துபோன பழைய பிட் ஒன்றைத்தான் நடுவார்கள். துளை போட்டுப் போட்டு மழுங்கி, இனி எதற்கும் உதவாத முனை.

(இந்த வழக்கமும் என் சரக்குதான். திருச்செங்கோட்டில் போய் விசாரித்து என் மானத்தை வாங்காதீர்கள்.)

அன்றைக்குப் பழைய பிட், துளைக்குக் காற்றடிக்கக் கூடவே வருகிற கம்ப்ரஸர் லாரியில் இருந்தது. அந்த லாரி இன்னும் ஓடையைக் கடந்து வந்து சேரவில்லை. ராகு காலம் நெருங்கிக்கொண்டிருந்தது. நல்லம்மாள் மஞ்சளைக் குழைத்துக் கையில் வைத்துக்கொண்டு இவன் முகத்தையே பார்த்தாள். மருதாசலத்தின் கையில் அந்நேரத்துக்கு இருந்த இரும்பு, கழற்றிய கம்பிதான்.

நட்டான். "இது நின்னா தண்ணி நிக்குமுங்கம்மா" என்றான்.

4

தண்ணீர் வந்தது.

முதலில் புகைதான். வெள்ளைப் புழுதி கோபுரத்துக்குமேல் எழுந்து மரவள்ளிக் குச்சிகளின்மேல் படிந்தது. நல்லம்மாள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு அசையாமல் நின்றாள். வெகுநேரம் புகை. பிறகு புழுதியின் நிறம் மாறியது. பிறகு ஈர மண் வாசம். பிறகு சேறு. பிறகு காத்தான் எதையோ கத்தினான், சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. தண்ணீர் கோபுரத்தின் உச்சியைத் தொட்டு எல்லோர் தலையிலும் விழுந்தது.

நல்லம்மாள் கத்தவில்லை. நனைந்த மண்ணில் உட்கார்ந்து அந்தக் கம்பியைக் கட்டிக்கொண்டாள். அதை எழுதும்போது எனக்கு நிஜமாகவே சந்தோஷமாக இருந்தது. கதையை இங்கேயே நிறுத்திவிடலாமா என்றுகூட நினைத்தேன். ஆனால் வண்டி ரோட்டுக்குப் போக வேண்டும்.

5

மறுநாள் மத்தியானம். வாழப்பாடியில் அடுத்த போர், பூசைக்கு ஆட்கள் காத்திருக்கிறார்கள் என்று அர்த்தநாரி ஆள்விட்டுச் சொல்லியிருந்தார். கம்ப்ரஸர் லாரி பழைய பிட்டை இறக்கிக் கொடுத்துவிட்டு முன்னால் போய்விட்டது. ரிக் வண்டியும் ஓடையைத் தாண்டி ரோட்டோரம் வந்து நின்றுவிட்டது. கம்பியை மாட்ட வேண்டியதுதான் பாக்கி; அதை எடுத்துவர மருதாசலமும் காத்தானும் காட்டுக்கு நடந்து திரும்பினார்கள்.

இந்த இடத்தை மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்.

முதல் படியில் நல்லம்மாளைக் கல்நெஞ்சுக்காரியாக்கினேன். "உன் உயிர் போனா எனக்கென்ன என்று—" அடித்துவிட்டேன். தண்ணீர் கொண்டுவந்தவனிடம் அந்த ஊர்ப் பெண் எவளும் அப்படிப் பேசமாட்டாள்.

இரண்டாம் படியில் அவளுக்கு விஷயமே தெரியாது. மருதாசலம் எதுவும் சொல்லாமல் மௌனமாக வண்டியை எடுத்துக்கொண்டு போகிறான். அப்படி மௌனமாகப் போகிற ஆட்களை நான் வேண்டிய மட்டும் எழுதிவிட்டேன். இப்போது அவர்களைப் பார்த்தால் எரிச்சலாக இருக்கிறது. வாயைத் திறந்து சொன்னால் என்ன?

மூன்றாம் படியில் சொன்னான்.

"ஏனுங்கம்மா, அந்தக் கம்பிய எடுத்துக்கறமுங்க. அது வண்டியோடதுங்க."

நல்லம்மாள் சோறு போட்டுக்கொண்டிருந்தாள். "மொதல்ல சாப்புடுப்பா."

சாப்பிட்டான். கை கழுவினான். "பழைய பிட்டு ஒண்ணு வந்திருக்குதுங்க. அத நட்டுத் தாரனுங்க. எப்பவும் அதைத்தான் நடறது."

"அப்ப ஏன் இத நட்ட?"

"அந்நேரத்துக்கு அது கையில இல்லீங்க."

"அது நின்னிருந்தா தண்ணி வந்திருக்குமா வந்திருக்காதா, யாரு கண்டா? இது நின்னப்பதானப்பா வந்துச்சு." தட்டை எடுத்துக்கொண்டே, "இது நின்னா தண்ணி நிக்கும்னு நீதான சொன்ன. நான் சொல்லலியே," என்றாள்.

அதெல்லாம் சும்மா பேச்சுக்குச் சொல்வது என்று மருதாசலம் சொல்லியிருந்தால் பிரச்சினை தீர்ந்திருக்கும். ஆனால் அவனும் அதை நம்புகிறவன். நட்ட இரும்பைத் தண்ணீர் வந்தபிறகு பிடுங்கியவன் என்று ஒருத்தனை அவன் பார்த்ததே இல்லை. பிடுங்கி, தண்ணீர் நின்றுபோனால்? இந்த அம்மாள் தார் சுற்றப் போவாள். அந்தப் பாவத்தை எங்கே கொண்டுபோய்த் தொலைப்பது?

காத்தான் அவனைத் தனியாகக் கூப்பிட்டான். "புடுங்கிப் போட்டுட்டுப் போலாமுங்ணா. என்ன பண்ணிரும் அந்தம்மா?"

"நீ போய்ப் புடுங்கு பாக்கலாம்."

காத்தான் கம்பிவரை போனான். செருப்பைக் கழற்றிவிட்டு நின்றான். கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டு திரும்பி வந்தான்.

நல்லம்மாள் இருவரையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். "அது இல்லன்னா வண்டிக்கு என்னா ஆவும்?"

"காட்டுக்குள்ள ஒண்ணும் ஆவாதுங்க. ரோட்டுத் திருப்பத்துல சாயுமுங்க. மேல கனம் இருக்குதுங்களே. சாஞ்சா லேசுல நிமுராதுங்க."

"மெதுவாப் போனா?"

"மெதுவாத்தானுங்க போவேன். எதிர்ல வாரவன் மெதுவா வரோணுமில்லீங்களா?"

அவள் சோற்றுச் சட்டியை மூடினாள். வீட்டுக்குள் போனாள். ஒரு துணிப்பையோடு வெளியே வந்து, கதவைப் பூட்டி, விறுவிறுவென்று நடந்து, ரோட்டோரம் நின்ற வண்டியின் இடதுபக்கக் கதவைப் பிடித்து ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

"வாழப்பாடியில எங்க அக்கா வூடு இருக்குது. நானும் வரேன்."

"வேண்டாமுங்கம்மா. சொன்னாக் கேளுங்க."

"கம்பியையும் குடுக்க மாட்டேன், உன்ன மட்டும் அனுப்பிட்டு நான் தண்ணி பாய்ச்சிக்கிட்டு இருக்கவும் மாட்டேன். உனக்கு என்னவோ அதுதான் எனக்கும். ஏறு."

6

பாத்திரங்கள் எழுதுகிறவனை மீறித் தானாகவே நடந்துகொள்வதாகச் சிலர் சொல்வார்கள். நான் நம்புவதில்லை. அவளை வண்டியில் ஏற்றியது நான்தான். எழுதியபோது நல்ல யோசனையாகப் பட்டது. ஏற்றிய பிறகு இரண்டு நாள் பேனாவைத் தொடவில்லை.

ஏனென்றால், அதுவரை மருதாசலம் தன் உயிருக்கு மட்டும் பயந்தால் போதும். (காத்தானுக்கும்தான். அவனை அவ்வப்போது மறந்துவிடுகிறேன், மன்னிக்கவும்.) இப்போது அவளையும் சேர்த்து ஓட்ட வேண்டும். அவள் செய்தது நியாயமா, அடமா? அவளாகவே ஒரு தண்டனையை வாங்கிக்கொண்டாளா, அல்லது அவன் தலையில் இன்னொரு பாரத்தை ஏற்றினாளா? எனக்குத் தெரியவில்லை.

சின்னண்ணனிடம் வாசித்துக் காட்டினேன். "அந்தம்மா ஏறுனா வண்டி சாயாதாமா? இன்னொரு ஆள் கனம்தான் கூடுது," என்றான். அப்புறம் அவனே, "மேல படி," என்றான்.

7

ஆத்தூர் தாண்டும்வரை பெரிய திருப்பம் ஏதும் இல்லை. மருதாசலம் மாட்டுவண்டி வேகத்தில் போனான். பின்னால் வந்த லாரிகளெல்லாம் ஹாரன் அடித்துத் திட்டிக்கொண்டே தாண்டிப் போயின. அவன் வேட்டி தொடையோடு ஒட்டியிருந்தது. நல்லம்மாள் பையை மடியில் வைத்து இரண்டு கைகளாலும் பிடித்திருந்தாள். நடுவில் காத்தான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தான்.

முதல் திருப்பத்தில் வண்டி இடதுபக்கம் சாய்ந்தது. சாய்ந்து, அப்படியே கொஞ்சம் நின்றது. பின்னால் கோபுரத்தின் கனம் நகர்வது முதுகில் தெரிந்தது. பிறகு மனமில்லாமல் நிமிர்ந்தது.

"இதுதானா?" என்றாள் நல்லம்மாள்.

"இது சின்னதுங்க."

வாழப்பாடிக்குக் கொஞ்சம் முன்னால் ரோடு சரிந்து இறங்கி, வலதுபக்கம் திரும்பி, ஒரு சின்னப் பாலத்தில் ஏறும். (பாலமும் திருப்பமும் நான் கட்டியவை. தேடாதீர்கள்.) இடதுபக்கம் தாரின் ஓரம் அரித்துப்போய் மண் இறங்கிக் கிடக்கும். அதைத் தாண்டினால் பள்ளம். மருதாசலம் சரிவுக்கு மேலேயே கியரைக் குறைத்துவிட்டான். நடுரோட்டிலேயே போவது, ஓரத்துக்கு ஒதுங்காமல் திருப்பத்தை முடித்துவிடுவது. அதுதான் அவன் போட்டிருந்த கணக்கு.

பாலத்துக்கு அந்தப் பக்கம் புளியமரங்களுக்கு நடுவே பஸ் தெரிந்தது. அதுவும் நடுரோட்டில் வந்தது. ஹாரனை அமுக்கிய கையை எடுக்காமல் வந்தது.

மருதாசலம் பிரேக்கை மிதித்தான். முன்பக்கம் குனிந்தது, பின்னால் இருந்த கனம் முழுவதும் முன்னால் தள்ளிக்கொண்டு வந்தது. இதற்குமேல் மிதித்தால் திருப்பத்தில் அதுவே கவிழ்த்துவிடும் என்று அவனுக்குத் தெரியும். காலைப் பாதி எடுத்தான்.

"மருதாசலம்," என்றாள் நல்லம்மாள். அதுவரை அவள் அவன் பெயரைச் சொன்னதில்லை. "திருப்பிக்கோ. போய் எடுத்துக்கலாம். அந்தக் கம்பிய நீயே எடுத்துக்கோ."

அவன் காதில் விழுந்தது. சரிவு பாதி முடிந்துவிட்டது. திருப்புவதற்கு இடம் இல்லை. பஸ் ஒதுங்கவில்லை. இடது சக்கரம் தாரை விட்டு மண்ணில் இறங்கியது, வண்டி பள்ளத்தின் பக்கம் சாய ஆரம்பித்தது, அவன் ஸ்டியரிங்கை—

8

முடிவு அ: பஸ் உரசாமல் போனது. வண்டி சாய்ந்தபடியே நின்று, நிமிர்ந்தது. வாழப்பாடியில் இறங்கிய நல்லம்மாள் "சாயலியே" என்று சொல்லிவிட்டு அக்கா வீட்டுக்குப் போனாள். கம்பியைப் பற்றி இருவரும் பேசவில்லை.

எழுதிவிட்டுப் படித்துப் பார்த்தேன், கோபம் வந்தது. கம்பி இல்லாமலே வண்டி ஓடிவிடும் என்றால் நான் இவ்வளவு தூரம் நெஞ்சு படபடக்க வந்தது எதற்கு?

முடிவு ஆ: கவிழ்ந்தது. ரோட்டில் அவளுடைய துணிப்பை கிடந்தது என்பதுவரை எழுதினேன். பைக்குள் என்ன இருந்தது என்று எழுதப் போனபோது அழுகை வந்துவிட்டது. கிழித்துப் போட்டேன்.

முடிவு இ, சின்னண்ணன் சொன்னது: தப்பித்தார்கள். பத்துப் பதினைந்து நாள் கழித்து மருதாசலம் கடப்பாரையோடு காட்டுக்கு வந்தான். "எடுத்துக்கப்பா, சொன்னன் இல்ல," என்றாள் அவள். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. மரவள்ளி துளிர்த்திருந்தது. அவன் ஒரு சொம்புத் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுக் கடப்பாரையோடு திரும்பிப் போனான்.

லாரிப் பட்டறைக்காரனுக்கு இப்படி ஒரு முடிவு தோன்றியது எனக்குப் பொறாமையாக இருக்கிறது. ஆனால் அவனுக்கும் அது நிச்சயமில்லை. "அப்படி இருந்தா நல்லாருக்கும்ல?" என்றுதான் சொன்னான்.

நீங்களே யோசியுங்கள். அவள் கொடுத்துவிட்டேன் என்று சொன்ன கம்பி இன்னும் அங்கேயே நிற்கிறது. எடுத்துக்கொள்ள அவன் வரவில்லை, அல்லது வந்தும் எடுக்கவில்லை.

9

ஒன்றைச் சொல்லாமல் வைத்திருந்தேன். நாங்கள் தண்ணீர் குடிக்கப் போன அன்று கம்பியில் இருந்த மஞ்சள் காய்ந்திருந்தது. மரவள்ளிக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்த பெரியசாமி என்கிற ஆள், "குளிச்சிட்டு மஞ்ச பூச வர நேரந்தான், இருந்து பாத்துட்டுப் போங்க," என்றார். எனக்கு அப்போது நல்லம்மாள் என்று ஒருத்தி கிடையாது. பூச வருவது யாராக இருந்தால் எனக்கென்ன? பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று கிளம்பிவிட்டோம்.

இப்போது போய்ப் பார்க்கலாம். நாமக்கல் பஸ் ஸ்டாண்டுவரை இரண்டு முறை போனேன். இரண்டு முறையும் டீ குடித்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். தொட்டிக்கரையில் நான் உட்கார்ந்திருக்க, மஞ்சள் கிண்ணத்தோடு வயதான ஒருத்தி வந்தால் சரி. சின்ன வயதுக்காரி ஒருத்தி வந்து, "இது எங்க மாமியார் கும்பிட்ட சாமிங்க," என்று சொல்லிவிட்டால்? மாமியார் எப்படிப் போனார் என்று நான் கேட்டாக வேண்டும். எல்லாம் என் ஜோடனைதான் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் கேட்க வாய் வராது.

அதனால் நீங்கள் போங்கள். கெங்கவல்லியில் இறங்கி, மோட்டார் சத்தம் கேட்கிற மரவள்ளிக் காட்டை விசாரியுங்கள். கும்பிட்டுவிட்டுத் தண்ணீர் குடியுங்கள். தொட்டிக்கரையில் உட்கார்ந்திருங்கள், அவசரப்பட்டுக் கிளம்ப வேண்டாம். மஞ்சள் பூச வருவது யார் என்று பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள். அதுவரை மருதாசலம் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருப்பான். நான் அவனை விடச் சொல்லமாட்டேன்.